ஓரம் வெட்டப்பட்ட சாட்சி

அத்தியாயம் 9

திருட்டுச் சாமானை ஸ்டேஷனில் ஒப்படைக்க வந்த ஆளைப் போலத்தான் தம்பிதுரை வந்தார். போர்வையில் சுற்றிக் கயிறு போட்டுக் கட்டிய நீளமான எதையோ லோடு ஆட்டோவிலிருந்து இறக்கி, தோளில் சுமந்து மாடிப்படி ஏறி, முத்தாத்தாளின் மேசைமேல் வைத்தார். வைத்த கையோடு இரண்டடி பின்னால் தள்ளி நின்றுகொண்டார்.

கணபதி என்ற பகுதியில் ஒரு வெல்டிங் பட்டறைக்கு மேலே இருந்தது அந்த ஒற்றை அறை அலுவலகம். வாசல் பலகையில் 'முத்தாத்தாள், பி.எஸ்சி., தனியார் துப்பறிவாளர்' என்று எழுதியிருக்கும். பேரைச் சுருக்கினால் ஸ்டைலாக இருக்கும் என்று சொன்னவர்களை எல்லாம் அவள் முறைத்தே அனுப்பியிருக்கிறாள். குலசாமி பேர், அவள் வீட்டில் முதல் பட்டம், இரண்டில் எதையும் சுருக்க அவள் தயாரில்லை.

"இதுலதானுங்க அம்மணி என்ற பையன் அந்த வேலையப் பண்ணிப்போட்டான்" என்றார் தம்பிதுரை. "நீங்களே வெச்சுக்குங்க. இது ஊட்டுல இருந்தா எனக்குச் சோறு எறங்க மாட்டீங்குது."

முத்தாத்தாளுக்கு எரிச்சலாக வந்தது. முடிந்துபோன கேஸ். அவளுடைய முதல் பெரிய கேஸும்கூட. அவினாசி சாலையில் கம்ப்யூட்டர் விளையாட்டு அரங்கம் வைத்திருக்கும் லட்சுமிநாராயணன், துப்பாக்கிச் சண்டை விளையாட்டுக்கு ஒரு டீம் சேர்த்துக்கொண்டிருந்தார். பையன்கள் வீட்டிலிருந்தே ஆடி, ஆடும் திரையை அப்படியே வீடியோவாகப் பதிவு செய்து அனுப்பவேண்டும். பெரியநாயக்கன்பாளையத்தில் லேத் பட்டறை நடத்தும் தம்பிதுரையின் மகன் கவின் ஆடியதைப் பார்த்து எல்லோரும் வாய் பிளந்தார்கள். ஒருவன் மட்டும் சந்தேகப்பட்டான். லட்சுமிநாராயணன் முத்தாத்தாளைக் கூப்பிட்டார்.

அவள் போன வாரம் கொடுத்த ரிப்போர்ட்டில் தயவு தாட்சண்யமே இல்லை. எதிரி திரைக்குள் வருவதற்கு முன்னாலேயே கவினின் துப்பாக்கி அந்தப் பக்கம் திரும்புகிறது. திரையில் இல்லாத ஆள் இவன் கண்ணுக்கு மட்டும் எப்படித் தெரிவான்? ஹேக் என்கிற திருட்டு மென்பொருள் போட்டிருக்கிறான். மூலையில் இருக்கவேண்டிய குட்டி மேப்பையும் தோட்டாக் கணக்கையும் மறைத்திருக்கிறான். போதாததற்குப் படத்தையே புகை மூட்டமாகப் பதிவு செய்திருக்கிறான். எல்லாம் திட்டம் போட்டுச் செய்தது. கவினின் பேர் அடிக்கப்பட்டது. அவன் இடம் லட்சுமிநாராயணனின் அக்கா மகன் யஷ்வந்துக்குப் போனது. டீமை மேடையேற்றும் விழா இன்று சாயங்காலம்.

இதில் தம்பிதுரை எங்கே வந்தார்?

ரிப்போர்ட் படங்கள் அவருடைய பட்டறைக்காரர்களின் வாட்ஸ்அப் குரூப் வரைக்கும் வந்துவிட்டதாம். டீக்கடைக்குப் போனால் பேச்சு நின்றுவிடுகிறதாம். இதை அவர் புகாராகச் சொல்லவில்லை, மழை வரும்போலிருக்கிறது என்கிற மாதிரி சொன்னார். குரூப்பில் போட்டது யார் என்று முத்தாத்தாள் கேட்டதற்கு, அதெல்லாம் எதற்குங்க என்று பார்வையை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டார்.

இதற்குள் உதவியாள் ஷேக் பரீத் கயிற்றை அவிழ்த்திருந்தான். உக்கடத்தில் செல்ஃபோன் ரிப்பேர் பார்த்துக்கொண்டிருந்தவன். கை வேலை செய்யும்போது வாய் சும்மா இருக்காது.

"மேடம், இது மானிட்டரா, ரயில்வே பிளாட்ஃபாரமா?"

போர்வை விலகியது. மானிட்டரின் இரண்டு முனைகளும் மேசைக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்தன. உயரம் சாதாரணம்தான், அகலம்தான் முடியவே மாட்டேன் என்றது. துணி டிசைன் போடும் ஆபீஸ் ஒன்று மூடும்போது பையனுக்காக வாங்கியதாகத் தம்பிதுரை சொன்னார்.

முத்தாத்தாள் எழுந்து நின்றாள். ரிப்போர்ட்டைப் பிரித்து, தான் சிவப்பு வட்டம் போட்டிருந்த படங்களைப் பார்த்தாள். எல்லாம் சாதாரண டிவி வடிவம். மானிட்டரைப் பார்த்தாள். மறுபடி படத்தைப் பார்த்தாள். எந்தத் திரையில் ஆடினாய் என்று கவினை ஒரு வார்த்தை அவள் கேட்டிருக்கவில்லை. 

"பரீத், இவ்வளவு அகலத்துல ஆடினவன் அனுப்புன வீடியோ எப்படி இவ்வளவு குட்டையா இருக்கு? ரெண்டு ஓரமும் எங்க போச்சு?"

பரீத் தலையைச் சொறிந்தான். "அப்ப ஓரத்துல வந்த எதிரி அவனுக்குத் தெரிஞ்சிருப்பான், நமக்குத் தெரிஞ்சிருக்க மாட்டான். அவன் கதவத் தெறந்து வெச்சுப் பாத்திருக்கான் மேடம். நாம சாவித் துவாரத்துல பாத்திருக்கோம்."

குட்டி மேப் இருப்பது இடது மூலையில். தோட்டாக் கணக்கு வலது மூலையில். அவன் மறைத்தான் என்று அவள் எழுதிய இரண்டுமே ஓரத்தில் இருப்பவை. ஓரத்தை யாரோ வெட்டியிருக்கிறார்கள். வீடியோ இருந்த பென் டிரைவை அவளிடம் கொண்டுவந்து கொடுத்தது யார்? யஷ்வந்த். புகார் கொடுத்தது யார்? யஷ்வந்த். கவினின் இடத்தில் உட்காரப்போவது யார்?

சந்தேகம் சட்டென்று கோபமாக மாறியது. கோபம் அவளுக்கு ரொம்ப சௌகரியமான உணர்ச்சி. ஆனால் சாட்சி கையில் இல்லை. வேலை முடிந்ததும் வாடிக்கையாளரின் சாமானைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, ஒரு நகல்கூட வைத்துக்கொள்ளாதது அவள் போட்ட சட்டம். பென் டிரைவ் அரங்கத்துக்கே போய்விட்டிருந்தது.

"கெளம்புங்க. உங்க பையனைப் பாக்கணும்" என்றாள் தம்பிதுரையிடம்.

வந்த லோடு ஆட்டோவிலேயே பின்னால் உட்கார்ந்து மேட்டுப்பாளையம் ரோட்டில் போனார்கள். மானிட்டர் மூன்று பேர் மடியிலும் குறுக்காகக் கிடந்தது. முத்தாத்தாள் மெல்ல, ரிப்போர்ட் தப்பாக இருக்கலாம் என்றாள். தம்பிதுரை அவசரமாகத் தலையாட்டி மறுத்தார்.

"படிச்ச புள்ள எழுதுனது தப்பா இருக்குமுங்களா?"

அவர் கிண்டல் செய்யவில்லை. அதனால்தான் அவளால் பெரியநாயக்கன்பாளையம் வரைக்கும் வாய் திறக்க முடியவில்லை.

பட்டறைக்குப் பின்னால் ஆஸ்பெஸ்டாஸ் போட்ட அறையில் கவின் இருந்தான். பாலிடெக்னிக் இரண்டாம் வருடம். இவளைக் கண்டதும் எழுந்து நாற்காலியைத் துடைத்துப் போட்டான், முகத்தைப் பார்க்கவில்லை. அந்த வீடியோ அவனிடம் இருக்கிறதா என்று பரீத் கேட்டான். இல்லை. ரிப்போர்ட் வந்த அன்றைக்கே எல்லாவற்றையும் அழிக்கச் சொல்லிவிட்டார் அப்பா.

"அப்ப புதுசா பதிவு பண்ணிப் பாப்போம்" என்றாள் முத்தாத்தாள். யஷ்வந்த் சட்டையைப் பிடிக்கும் முன்னால் ஒரு ஓட்டையை அடைக்கவேண்டியிருந்தது. கவினின் கம்ப்யூட்டரே ஓரத்தை வெட்டியிருந்தால்?

மானிட்டரை மாட்டினார்கள். பதிவு செய்யும் மென்பொருளில் படத்தின் அளவைச் சாதாரண டிவி அளவுக்கு மாற்றிச் சும்மா ஒரு நிமிடம் ஆடச் சொன்னாள். பதிவான வீடியோவில் சிப்பாய்கள் எல்லாம் ஒல்லிப்பிச்சான்களாக ஓடினார்கள். வானத்தில் சூரியன் முட்டை வடிவில் நின்றது.

"பட்டாளத்துக்கே பத்தியச் சாப்பாடு போட்டுட்டாங்க" என்றான் பரீத்.

ஆனால் ஓரம் இரண்டும் பத்திரமாக உள்ளே இருந்தன. அகலத்தை நசுக்கித் திணித்திருக்கிறதே தவிர, வெட்டவில்லை. ரிப்போர்ட் படங்களில் லாரிச் சக்கரம் நல்ல வட்டமாகத்தான் இருந்தது. அப்படியானால் காரணம் இது இல்லை.

அடுத்தது புகை மூட்டம். ஒரு நொடிக்கு இவ்வளவு தகவல் பதியவேண்டும் என்ற கணக்கைக் கவின் பாதிக்கும் கீழே இறக்கினான். வேகமாகத் திரும்பியபோது படம் கட்டம் கட்டமாக உடைந்தது. நின்றதும் தெளிந்துவிட்டது. முத்தாத்தாளின் படங்களில் அப்படி இல்லை. அசையாத சுவர்கூட மங்கல்தான்.

கவின் கடைசியாகத் தன்னுடைய வழக்கமான அளவுகளுக்கு மாற்றினான். ஆடும் திரை 3440-க்கு 1440. ஃபைல் பெருத்துவிடக்கூடாது என்பதற்காக ஏறக்குறைய அதே விகிதத்தில் குறைத்து 2560-க்கு 1080. பதிவான வீடியோ கத்தி போலத் தெளிவாக இருந்தது. இடது மூலையில் குட்டி மேப், வலது மூலையில் தோட்டா. எதுவும் நசுங்கவில்லை, எதுவும் வெட்டுப்படவில்லை.

"நின்ன செவுரும் மங்கலா இருந்தா, அது பதிவுல வந்த கோளாறு இல்லீங்கக்கா" என்றான் கவின், கீபோர்டைப் பார்த்துக்கொண்டே. "பதிவானதுக்குப் பொறவு யாரோ இழுத்துப் பெருசு பண்ணியிருக்காங்க. ஓரம் வெளிய போயிருக்கும். மிச்சம் பெருசாகி மங்கியிருக்கும்."

"இதை அன்னைக்கே சொல்லித் தொலைக்கறதுக்கு என்ன?"

"சொன்னனுங்க. எனக்குச் சொல்லித்தர வேண்டாம்னு ஃபோனை வெச்சுட்டீங்க."

பட்டறையில் டிரில்லிங் மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. அது இன்னும் சத்தமாக ஓடினால் நன்றாயிருக்கும் என்று முத்தாத்தாளுக்குத் தோன்றியது. வைத்தாள்தான். ஞாபகம் இருக்கிறது. கம்ப்யூட்டர் சயின்ஸ் படித்தவளுக்குப் பாலிடெக்னிக் பையன் பாடம் எடுக்கிறானா என்ற நினைப்பில் வைத்தாள்.

அந்த வெட்கத்தை எங்கே கொண்டுபோய்க் கொட்டுவது என்று அவளுக்குத் தெரிந்திருந்தது. யஷ்வந்த் தலையில்.

அரங்கத்துக்குப் போய்ச் சேர்ந்தபோது விழா தொடங்க இன்னும் கொஞ்ச நேரம் இருந்தது. கறுப்புக் கண்ணாடி, ஊதா விளக்கு, குளிரக் குளிர ஏசி. டீம் சட்டை போட்ட பையன்கள் செல்ஃபி எடுத்துக்கொண்டிருந்தார்கள். வரமாட்டேன் என்ற கவினையும் தம்பிதுரை பைக்கில் பின்னால் உட்காரவைத்துக் கூட்டிவந்திருந்தார். அப்பனும் மகனும் கதவோரமாகவே நின்றுகொண்டார்கள்.

முத்தாத்தாள் நேராக யஷ்வந்திடம் போனாள்.

"ரெண்டு ஓரத்தையும் எப்ப வெட்டுனே?"

செல்ஃபி எடுத்துக்கொண்டிருந்த பையன்கள் திரும்பிப் பார்த்தார்கள். யஷ்வந்த் ஒன்றும் புரியாமல் மாமாவைப் பார்த்தான். பழைய மில் குடும்பத்துக்காரரான லட்சுமிநாராயணன் எதற்கும் குரல் உயர்த்தாதவர். என்ன விஷயம் என்று கேட்டுக்கொண்டே வந்தார். முத்தாத்தாள் எல்லாவற்றையும் சொன்னாள், அந்த அளவு, இந்த அளவு, முட்டைச் சூரியன், மங்கல் சுவர், பென் டிரைவ் வந்த கை. அவள் சொல்லச் சொல்ல யஷ்வந்தின் காதுமடல் சிவந்தது.

 அவன் உள்ளே போய்ப் பென் டிரைவை எடுத்துவந்து, சுவர் அளவுக்கு இருந்த பெரிய திரையின் கம்ப்யூட்டரில் செருகினான்.

படம் ஓடியது. மேலேயும் கீழேயும் ஒரு கறுப்புப் பட்டை. நடுவில், இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை கவின் ஆடிய ஆட்டம். இடது மூலையில் குட்டி மேப் இருந்தது. வலது மூலையில் தோட்டாக் கணக்கு இருந்தது. அவள் முதல் சிவப்பு வட்டம் போட்ட கட்டம் வந்தது. இடது ஓரத்தில், உடைந்த லாரிக்குப் பக்கத்தில் ஒரு எதிரியின் ஹெல்மெட் பளிச்சென்று தெரிந்தது. கவினின் துப்பாக்கி அவன் பக்கம் திரும்பியது. கண் இருக்கிற யாரும் திரும்பியிருப்பார்கள்.

"இது அந்த வீடியோ இல்ல" என்றாள் முத்தாத்தாள். "மாத்தி வெச்சிருக்கே. நான் பாத்தது என்னன்னு நான் காட்டறேன்."

கீபோர்டைத் தன் பக்கம் இழுத்தாள். அவள் ஆபீஸில் இருக்கும் அதே வீடியோ பிளேயர்தான். படத்தை மூடித் திரும்பத் திறந்தாள். கட்டத்தைத் தேடி நகர்த்தினாள். அப்போது அவளுடைய இடது கை விரல், அவளைக் கேட்காமலே, ஒரு பட்டனைத் தட்டியது.

கறுப்புப் பட்டைகள் காணாமல் போயின.

படம் வீங்கிச் சுவர் முழுக்க நிறைந்தது. குட்டி மேப் இல்லை. தோட்டாக் கணக்கு இல்லை. லாரி பாதிதான் இருந்தது, ஹெல்மெட் இல்லை. பின்னாலிருந்த சுவர் புகை மூட்டமாக நின்றது. கவினின் துப்பாக்கி, அங்கே இல்லாத யாரையோ நோக்கித் திரும்பியது.

ரிப்போர்ட் படம் அச்சு அசலாகத் திரையில் நின்றது.

எதற்கும் ஒரு வார்த்தை வைத்திருக்கும் ஷேக் பரீத் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

அவள் வீட்டில் டிவி வந்த புதிதில் சினிமா போட்டால் மேலும் கீழும் கறுப்புப் பட்டை வரும். ஒற்றை லேத் வைத்துப் பிழைக்கும் அவள் அப்பா ரங்கசாமிக்கு அது ஆகவே ஆகாது. முழு டிவியை வாங்கிப்போட்டு, பாதித் திரையை இருட்டில் விடுவதா என்பார். ரிமோட்டில் திரையை நிரப்பும் பட்டனைத் தட்டுவது முத்தாத்தாளின் வேலை. தலை கால் வெட்டுப்பட்டாலும் சரி, பட்டை போனால் போதும். டிவி போய் லேப்டாப் வந்தது, பழக்கம் போகவில்லை. வாசலில் செருப்பைக் கழற்றுகிற மாதிரி, பட்டை தெரிந்தால் விரல் தட்டிவிடும். கவினின் வீடியோவைப் போட்ட முதல் நொடியிலேயே தட்டியிருக்கிறது. அவளுக்கு அது ஞாபகம்கூட இல்லை.

இத்தனை நேரம் அவள் துரத்திவந்த ஆள் அவளேதான்.

யஷ்வந்திடம் மன்னிப்புக் கேட்டாள். குரல் அவளுக்கே கேட்கவில்லை. அவன் பரவாயில்லைங்க என்று சொல்லிவிட்டு, டீம் சட்டையைத் தலைவழியாகக் கழற்றி மேசைமேல் மடித்து வைத்தான். கூடத்தில் யாரும் அவளைத் திட்டவில்லை. திட்டினால் பதிலுக்குக் கத்தலாம். சும்மா பார்க்கிறவர்களை என்ன செய்வது?

லட்சுமிநாராயணன் அவளைக் கண்ணாடி அறைக்குள் கூட்டிப்போனார். தண்ணீர் கொடுத்தார். வளர்ந்துவரும் பெண், பேர்தான் மூலதனம், ஒரு பட்டனுக்காக அதை இழக்கவேண்டாம் என்றார். மறுபரிசீலனையில் கவின் தேர்வு என்று மட்டும் அறிவித்துவிடலாம், வீடியோவில் தொழில்நுட்பக் கோளாறு என்று ஒரு வரி போதும், கூடத்தில் இருப்பவர்களிடம் தான் பேசிக்கொள்வதாகச் சொன்னார்.

கோளாறு. எவ்வளவு நல்ல சொல். யார் செய்தார்கள் என்று சொல்லவேண்டியதே இல்லை. முத்தாத்தாளுக்கு அது இனித்தது, சரி என்றும் சொல்லிவிட்டாள். அறையை விட்டு வெளியே வருவதற்குள் சொன்னதற்காகத் தன்மேலேயே அருவருப்பாக இருந்தது.

கதவோரம் நின்றிருந்த கவினிடம் போய், நீ டீமில் இருக்கிறாய், போய் உட்கார் என்றாள்.

கவின் நகரவில்லை.

"குரூப்புல என்ன சொல்லுவீங்க?"

"கோளாறுன்னு ஒரு அறிவிப்பு..."

"கோளாறுன்னா எங்க அப்பா போய் அழுது கேட்டாரு, பாவம் பாத்துச் சேத்துக்கிட்டாங்கன்னுதான் பேசுவாங்க. எனக்கு இந்த டீம் வேணும். அதுக்காக எங்க அப்பா டீக்கடையில தலைகுனிஞ்சு நிக்கோணுமா? அங்க சொல்லுங்க. பொறவு உக்காருறேன்."

"உடு கண்ணு" என்றார் தம்பிதுரை. குரலில் பதற்றம் இருந்தது. "அங்கெல்லாம் வேண்டாம். அம்மணிக்குச் சங்கடமாகும்."

கவின் அப்பாவின் சட்டைப் பையிலிருந்து ஃபோனை எடுத்து, குரூப்பைத் திறந்து அவள் முன்னால் நீட்டினான்.

அவள் போட்ட சிவப்பு வட்டங்கள். வரிசையாக. கீழே ஒரு குரல் பதிவு, கவின் தட்டியதும் ஓடியது: 'என்ற மக கண்டுபுடிச்சது.' அனுப்பியவர் பேர், 'ரங்கசாமி லேத் கணபதி.' அதற்கும் கீழே கட்டைவிரல்களும் கைகூப்புகளும் விரலால் தள்ளத் தள்ள வந்துகொண்டே இருந்தன.

முதல் பெரிய கேஸ் என்று அவளேதான் அதை அப்பாவுக்கு அனுப்பிக் காட்டியிருந்தாள். அவருக்குப் படிக்க வராது, படத்தை மட்டும் பார்ப்பார் என்று நினைத்திருந்தாள்.

"உங்களுக்கு முதல்லயே தெரியுமா?" என்று தம்பிதுரையிடம் கேட்டாள்.

அவர்தான் தப்பு செய்தவரைப் போல நெளிந்தார். "ரங்கசாமியண்ணன எனக்கு நல்லாத் தெரியுமுங்க. பெத்தவன் பெருமையா போட்டது. அத நான் எப்படீங்க உங்ககிட்டச் சொல்றது?"

காலையில் அந்த மாடிப்படியேறி வந்தவர் அத்தனையும் தெரிந்துதான் வந்திருக்கிறார். அவள் முகம் கோணக்கூடாது என்று ஜன்னலைப் பார்த்திருக்கிறார். ஓங்கி ஒரு அறை விட்டிருந்தால் இதைவிட லேசாக இருந்திருக்கும்.

பரீத் கிட்டே வந்தான். அலுவலகப் பேரில் கௌரவமாக நான்கு வரி தட்டிப் போட்டுவிடலாம், அப்பா பேர் வராமல் தானே எழுதித் தருகிறேன் என்றான்.

"எழுதுனா அவருக்கு யாராச்சும் படிச்சுச் சொல்லணும்" என்றாள் முத்தாத்தாள். "அவரே கேக்கட்டும்."

தம்பிதுரையின் ஃபோனை வாங்கினாள். மைக் பட்டனை அழுத்தினாள்.

"எல்லாருக்கும் வணக்கமுங்க. நான் கணபதி ரங்கசாமி மக முத்தாத்தாள் பேசறேன். என்ற அப்பா போட்ட படத்துல தப்பு பண்ணுனது தம்பிதுரையண்ணன் பையன் இல்லீங்க. நாந்தான். அவன் அனுப்புன படத்துல ரெண்டு ஓரமும் இருந்துச்சு. நான் பட்டனைத் தட்டி அதை வெளிய தள்ளிப்போட்டு, அங்க ஆளே இல்லைன்னு எழுதிப்போட்டேன். அவன் சொல்ல வந்தான், நான் கேக்கலீங்க. அவன் நேர்மையா ஆடினான். அண்ணனை யாரும் ஒண்ணும் சொல்லாதீங்க. சொல்லோணும்னா என்னையச் சொல்லுங்க."

விரலை எடுத்தாள். குரல் போய்ச் சேர்ந்தது.  கவின் ஃபோனை அப்பா கையில் கொடுத்தான், மேசைமேல் இருந்த சட்டையை எடுத்துப் போட்டுக்கொண்டான், போய் உட்கார்ந்தான். அவளிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

அவளுடைய ஃபோன் அடித்தது. 'அப்பா'.

வெளியே படிக்கட்டுக்கு வந்து எடுத்தாள். எப்போது பேசினாலும் அவர் குரலுக்குப் பின்னால் லேத் ஓடிக்கொண்டிருக்கும். அதற்கு மேல் கத்தித்தான் பேசுவார். இன்றைக்கு அந்தச் சத்தம் இல்லை. மெஷினை நிறுத்திவிட்டுக் கூப்பிட்டிருக்கிறார்.

"சொல்லுங்கப்பா" என்றாள்.

அந்தப் பக்கம் மூச்சு மட்டும் கேட்டது. அவள் காதிலிருந்து ஃபோனை எடுக்காமல் நின்றாள்.